சினிமா கானாவுக்குத் தாளம்: ஆளா, சாம்பிளா?

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டிலும் தெருக் கச்சேரியிலும் வளர்ந்த கானா, படத்துக்குள் போனதும் முதல் தகராறு தாளத்தில்தான்: ஆள் வைத்து அடிப்பதா, முன்பே பதிந்து வைத்த அடிகளை (சாம்பிள்) கணினியில் கோப்பதா?

ஆள் வைத்து அடித்தால் அடிக்கு அடி கனம் மாறும். அந்தத் துள்ளல்தான் கானா. தொல்லையும் அங்கேதான். கடல்காற்றில் ஈரம் வாங்கிய பறைத்தோல் தொய்ந்துவிடும். ஸ்டுடியோவுக்குள் தீ மூட்ட முடியாது. வாசலில் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். சூடு ஆறினால் சுருதி இறங்கும், முதல் டேக்கும் எட்டாவது டேக்கும் ஒட்டாது. மைக் ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்; ஒட்டி வைத்தால் உச்ச அடி பிசிறும்.

அடிப்பவர் காதில் கிளிக் (வேகம் காட்டும் சீரான டிக்-டிக் சத்தம்) கட்டாயம். 3 நிமிடப் பாட்டில் வேகம் 1% நழுவினாலே 1.8 நொடி, நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 43 ஃபிரேம். டிராக்கை வைத்துப் படமெடுத்துவிட்டு, பிறகு பாட்டை இப்படி நழுவிய மேளத்தோடு மாற்றிப் பதிந்தால் நடிகரின் வாய் தனியாக ஓடும்.

சாம்பிளில் இந்த வம்பு இல்லை, ஒரு மதியத்தில் முடியும். ஆனால் ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தால் தையல் மெஷின்தான். ஒவ்வோர் அடிக்கும் நாலைந்து பதிவுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (சாம்பிள் ரேட்) பதிந்த லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டை, மாற்றாமல் 48-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். பாடகர் தொண்டை கிழியும்.

எங்கள் ஓட்டு: அடியில் சாம்பிள், மேலே டோலக்கும் சட்டி மேளமும் ஆள் கையில். பட்ஜெட் இடித்தால் டோலக்கை மட்டுமாவது விடாதீர்கள்.