ஆந்தையைக் கூப்பிடாமல் ஆடிய ஓராஸ் காடு

கையிலிருந்த தடி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. மறு தடிக்குத் தடவப் பையில் விலங்குக் கொழுப்பு ஒரு துண்டும் இல்லை. சுற்றிலும் நான்கு ஓநாய்கள். நெருப்புக்குப் பயந்து கிட்டே வரவில்லை. விலகிப் போகவும் மனமில்லை. தடி சாம்பலாகும்வரைதான் எனக்கு ஆயுள். 'ஃபார் க்ரை பிரைமல்' என்னும் வீடியோ விளையாட்டில் நான் கழித்த முதல் இரவு அது. விடியலைப் பார்க்கவில்லை, ஓநாய்களுக்கு இரையானேன். மூன்று ஆண்டுகளில் கதையை இருமுறை முடித்துவிட்டு இப்போது மூன்றாம் சுற்றில் இருக்கிறேன். இதில் உனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், இன்றும் அந்த இரவைத்தான் சொல்வேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 2016-இல் வெளிவந்த விளையாட்டு இது. துப்பாக்கிக்குப் பேர்போன தொடரில் துப்பாக்கியே இல்லாத பாகம். காலம் கி.மு. 10,000; இடம் மத்திய ஐரோப்பாவில் ஓராஸ் என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கு. மாமூத் வேட்டையில் கூட்டாளிகளை இழந்து தனியாளாகும் வேடன் தக்கார் (நாம் இயக்கும் பாத்திரம்), சிதறிக் கிடக்கும் தன் வென்ஜா குலத்தாரைத் தேடிச் சேர்த்து ஓர் ஊரை எழுப்ப வேண்டும். வடக்கே பனியில் நரமாமிசம் தின்னும் உதாம் குலம். தெற்கே நெருப்பைக் கையாளத் தேர்ந்த இசிலா குலம். கதை இவ்வளவுதான், பெரிய திருப்பம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கதை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே சாமியாடி தென்சே வந்து ஓர் ஆந்தையை நம்மிடம் ஒப்படைக்கிறார். என் வழக்கு இந்த ஆந்தையோடுதான். கூப்பிட்டால் வரும், அதன் கண்வழியே பகைவர் முகாமை மேலிருந்து பார்க்கலாம், நிற்பவர் ஒவ்வொருவர் மீதும் அடையாளம் போடலாம். திறன்களைக் கூட்டக் கூட்ட ஆளைக் கொல்லவும், தேனீக் குண்டு போடவும் கற்றுக்கொள்கிறது. முதல் சுற்றில் எந்த முகாமையும் ஆந்தை பார்க்காமல் நான் நெருங்கியதில்லை. வசதிதான். ஆனால் ஒரு கட்டத்தில் நான் காட்டில் இல்லை, ஒரு கணக்கேட்டில் இருக்கிறேன் என்று தோன்றியது: இங்கே ஆறு பேர், அங்கே இருவர், முடிந்தது வேலை.

இரண்டாம் சுற்றில் ஒரு முடிவெடுத்தேன். கதை கட்டாயப்படுத்தும் இடங்களைத் தவிர வேறெங்கும் ஆந்தையைக் கூப்பிடுவதில்லை. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருந்தது. பிறகு காது திறந்தது. புதருக்கு அப்பால் யாரோ பேசுவது, இடப்பக்கம் கிளை முறிவது, மான்கள் திடீரென்று ஒரே திசையில் ஓடுவது, இவை எல்லாம் முன்பும் இருந்தவைதாம். நான்தான் கேட்காமல், பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

காது திறந்ததில் இன்னொரு லாபம், மொழி. விளையாட்டில் எவரும் ஆங்கிலம் பேசுவதில்லை. கென்டக்கிப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் ஆண்ட்ரூ பர்ட், பிரென்னா பர்ட் ஆகியோர் தலைமையில் மூன்று குலங்களுக்கும் மூன்று மொழிகளை உருவாக்கியிருக்கிறார்கள். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் போன்றவற்றை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த மூல இந்தோ-ஐரோப்பிய மொழிதான் அடித்தளம். அந்த மூல மொழியே கதை நடக்கும் காலத்துக்குப் பல ஆயிரம் ஆண்டு பிந்தியது. எனவே இன்னும் பின்னோக்கிப் போய்க் கற்பனை செய்ய வேண்டியிருந்திருக்கும். இரண்டாம் சுற்றின் நடுவில், திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சொற்கள் புரியவில்லை. ஆனால் ஆத்திரமா கெஞ்சலா என்பது குரலிலேயே தெரிந்தது, ஆட்டமும் தடைப்படவில்லை.

கதையில் வரும் பாத்திரங்களிடம் கிறுக்குத்தனத்துக்கும் குறைவில்லை. வெட்டிய காதுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சைலா. அறிமுகமான சூட்டோடு நம்மீது சிறுநீர் கழிக்கும் ஒற்றைக்கை வோகா. இவர்களையெல்லாம் விட எனக்கு உர்கிதான் செல்லம். பறவைபோல் பறக்க வேண்டும், உடம்பு கல்போல் உறுதியாக வேண்டும் என்று அவர் இறங்கும் ஆராய்ச்சிகளுக்கு நாம் உதவ வேண்டும். முடிவு என்ன ஆகும் என்பது தொடங்கும்போதே தெரிந்துவிடும், இருந்தும் சிரிப்பு வரும்.

விலங்குகளைப் பழக்குவது எளிது: இரை எறிந்துவிட்டு, அது தின்னும்போது மெல்ல நெருங்கிக் கையை நீட்ட வேண்டும். எல்லாரும் வாள்பல் புலிக்குப் பறக்கிறார்கள். அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்யலாம் என்பதால் அது நியாயமே. நான் மாதக்கணக்கில் வைத்திருந்தது 'பேட்ஜர்' எனப்படும் வளைக்கரடியை. முழங்கால் உயரம்கூட வராது. ஒருமுறை பழுப்புக் கரடி ஒன்று என்மீது பாய வந்து, என் காலடியில் உறுமிய இந்தக் குட்டிப் பிராணியைக் கண்டு தயங்கித் தயங்கிப் பின்வாங்கியது. இலக்கு வைத்திருந்த வில்லைத் தாழ்த்திவிட்டு நான் வேடிக்கை பார்த்தேன்.

குறைகள் உண்டு. குடிசைகளை மேம்படுத்த மரமும் நாணலும் தோலும் பொறுக்கிப் பொறுக்கி அலுத்துவிடும். பத்தாவது முகாமுக்கும் பதினைந்தாவதுக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியாது. குலத் தலைவர்களோடு நடக்கும் இறுதிச் சண்டைகளில் எத்தனை அம்பு தைத்தாலும் ஆள் விழுவதில்லை. வேட்டையாடிப் பழகிய தந்திரம் எதுவும் அங்கே செல்லாது. வரலாற்றுக் கண்ணோடு பார்ப்பவருக்கு நெருடல் வரலாம். உதாம் மக்களின் தோற்றம் நியாண்டர்தால் மனிதரை நினைவூட்டும்; அவர்களோ ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தவர்கள். எனக்கு அது பெரிய உறுத்தலாகப்படவில்லை.

மூன்றாம் சுற்றை, வெளியீட்டுக்குப் பிறகு இலவசமாகச் சேர்க்கப்பட்ட உயிர்பிழைப்பு முறையில் ஆடுகிறேன். மூலையில் சிறு வரைபடம் கிடையாது. உடல் தெம்பு தேய்ந்துகொண்டே வரும். தின்ன வேண்டும், உறங்க வேண்டும். புதிதாக வாங்குபவர் இதில் தொடங்க வேண்டாம், முதலில் சாதாரண முறையில் காட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். நேற்று இருட்டுவதற்கு முன்பே ஒரு நெருப்புக்குழி அருகே ஒதுங்கிவிட்டேன். பையில் கொழுப்பு மூன்று துண்டு இருந்தது. மரங்களுக்கிடையே கண்கள் மின்னின. எண்ணிப் பார்க்கவில்லை.