போனை மாற்றுமுன் கம்பி யாருடையது என்று கேளுங்கள்

எங்கள் சின்ன அலுவலகத்தில் ஆறு வருஷமாக, பழைய போன் கம்பெனிக்குப் போட்டியாக வந்த ஒரு நிறுவனத்தின் போனும் இன்டர்நெட்டும்தான். அமெரிக்காவில் இவர்களை 'சீலெக்' என்பார்கள். 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஊரின் பழைய போன் கம்பெனி தன் காப்பர் லைனைப் போட்டியாளருக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று சொன்னதால் பிழைக்க வந்தவர்கள். மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

முதல் நான்கு வருஷம் எங்களுக்கு வந்தது அந்த வாடகை லைன்தான். பழைய கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே இடம் பிடித்துத் தங்கள் பெட்டியை வைத்து, எட்டு ஜோடி ஒயரைச் சேர்த்துப் போகவும் வரவும் 20 மெகாபிட் கொடுத்தார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும் சமாச்சாரம் இது, நாங்கள் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். ஒரு மழைக்கு இரண்டு ஜோடி செத்தது. வேகம் குறைந்ததே தவிர லைன் போகவில்லை, அது வரைக்கும் சபாஷ். ஆனால் சரிசெய்ய வர வேண்டியவர் யார்? பழைய கம்பெனியின் டெக்னீஷியன். நம் போட்டி நிறுவனத்து ஆள் அவர்களிடம் புகார் போட்டுவிட்டு நம்மைப் போலவே காத்திருக்கிறார். மூன்றாம் நாள்தான் ஆள் வந்தது.

எங்கள் பழைய நம்பர்களைப் பழைய கம்பெனியிலிருந்து இவர்களிடம் மாற்றியதிலும் ஒரு குளறுபடி. ஒற்றை லைன் என்றால் ஒரு வேலை நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. எங்களுடையது ஆறு லைன் என்பதால் ஒன்பது நாள் ஆனது, அதிலும் ஃபேக்ஸ் நம்பர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது, காரணம் பழைய பில்லில் இருந்த முகவரியும் விண்ணப்பத்தில் இருந்ததும் ஒத்துப்போகவில்லையாம். விண்ணப்பத்தை நிரப்பியது இந்தப் போட்டி நிறுவனத்தார்தான், குறைத்த ஒரு நட்சத்திரம் இதற்குத்தான்.

போன வருஷம்தான் அவர்களின் சொந்த ஃபைபர் வந்தது. இவர்கள் வளர்கிற வழியே இதுதான்: முதலில் வாடகை லைனில் ஆள் சேர்ப்பது, ஒரு தெருவில் வாடிக்கையாளர் கூடியதும் அங்கே சொந்தமாக இழுப்பது. இழுக்காமலும் முடியாது, ஏனென்றால் 2003-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி போட்ட உத்தரவுக்கு அப்புறம் பழைய கம்பெனி புதிதாக வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபரைப் பெரும்பாலும் வாடகைக்கு விட வேண்டியதில்லை. காப்பர் போகப் போக இவர்கள் காலடியில் தரையும் போகிறது. ஃபைபர் வருகிறது என்று சொல்லிவிட்டு எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். கம்பத்தில் ஏற்கெனவே தொங்கும் மற்றவர் லைன்களை நகர்த்தினால்தான் புதிதாகக் கட்ட முடியும், அதற்கு ஒவ்வொருவர் தயவும் வேண்டும். புரிகிறது, ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

வந்த பிறகு குறையில்லை. 500 மெகாபிட், குரலில் இரைச்சலே இல்லை, உதவிக்குக் கூப்பிட்டால் இரண்டாவது மணியில் மனிதர் எடுக்கிறார். பெரிய கம்பெனியில் இது நடக்கவே நடக்காது.

பயம் என்றால் நிறுவனம் நிலைக்குமா என்பதுதான். 2001-ல் நார்த்பாயின்ட் என்ற இதே மாதிரி நிறுவனம் மூடியபோது அதை நம்பியிருந்த டிஎஸ்எல் (போன் காப்பர் லைனில் வரும் இன்டர்நெட்) வாடிக்கையாளர்கள் திடீரென்று லைன் இல்லாமல் நின்றார்கள். அதனால் நாங்கள் மூன்று வருஷ ஒப்பந்தத்தைத் தவிர்த்து ஒரு வருஷத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டோம்.

இன்னொன்று, காப்பரில் போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், ஃபைபரில் கரண்ட் போனால் போனும் போய்விடும். அப்போது கைகொடுக்கும் பேட்டரியை அவர்களாகத் தரவில்லை, கேட்டுத்தான் வாங்கினோம். அவசர உதவி எண்ணான 911-க்குப் பதிவான முகவரி சரியா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அதில் பழைய மாடி எண்தான் இருந்தது.