கார்பன் மிதவைக் கைகள்: விலைக்குத் தகுமா?
சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவையொட்டிய கலங்கல் நீருக்கடியில் படமெடுக்கும்போது, கேமரா விளக்குகளை அகல விரிக்காவிட்டால் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும். விரித்தால் விளக்கைத் தாங்கும் கை நீளும், எடை கூடும். அந்த எடையை நீரில் சுமக்கத்தான், காற்றடைத்த கார்பன் இழைக் குழாய்களாலான இந்தக் கைகள். கைகளில் மாட்டும் ஃபோம் (நுரை) மிதவைபோல ஆழத்தில் நசுங்குவதில்லை. விலைதான் கடிக்கிறது, ஆழங்குறைந்த ஹந்துவுக்கு மட்டும் என்றால் ஃபோமே போதும். தடிமனால் முழுதாக மடக்கவும் வராது.

வாங்குமுன் ரிக்கை, அதாவது கேமரா, நீர்புகா உறை, விளக்குகள் சேர்ந்த தொகுப்பை, குழாய்நீர்த் தொட்டியில் முழுக்கி, காற்றுக்குமிழிகளை உதறிவிட்டு, லக்கேஜ் தராசில் தொங்கவிடுங்கள். 700 கிராம் காட்டினால், 4 லிட்டர் இடம்பிடிக்கும் ரிக் அடர்த்தி கூடிய கடல்நீரில் சுமார் 100 குறையும். மீதி 600க்கு 450 கிராம் மிதப்பே போதும். சற்றே மூழ்கும் ரிக்தான் வீடியோவில் ஆடாது. முன்லென்ஸ் மூக்கைக் கீழே இழுத்தால் போர்ட்டை (உறையில் லென்ஸுக்கு முன்னுள்ள கண்ணாடி முகப்பை)ச் சுற்றி மிதவை வளையம் மாட்டுங்கள்.