சிசிஎன்ஏ தயாரிப்புக்குப் பாக்கெட் டிரேசர்: பல மாதம் ஓட்டிப் பார்த்ததில்

கணினிப் பழுதுபார்ப்புக்கான ஏ பிளஸ் சான்றிதழை முடித்தவர்களுக்கு அடுத்தது நெட்வொர்க் பிளஸா, சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏவா என்ற கேள்வி வரும். கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பக்கம் இருந்து படிப்பவர்கள் சிசிஎன்ஏவையே எடுக்கலாம். கையில் ஒரு ரவுட்டர்கூட இல்லாமல், சிஸ்கோவின் கட்டளைகளை அடித்துப் பழக, கணினித் திரையிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சிஸ்கோவின் பயிற்சித் தளமான நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு ஒன்று போதும். திறக்கும்போது உள்நுழைவு கேட்கும் இடத்தில், உள்நுழைந்தே வைத்திருக்கும் தேர்வை டிக் செய்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் காற்று மழையில் நெட் போனாலும் லேப் ஓடும்.

முதல் வாரத்திலேயே பலர் தடுமாறுவது இரண்டு இடத்தில். சுவிட்சில் கேபிள் செருகியதும் விளக்கு ஆரஞ்சாகவே நிற்கும். பழுதில்லை, சுவிட்சுகளுக்கு இடையே தரவு வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அதன் பிறகே பச்சைக்கு வரும். அடுத்து, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையில் முதலாவது விழாது. ரவுட்டரில் ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும் வந்தால் ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி அப்போதுதான் அதைத் தேடியிருக்கிறது என்று பொருள். மறுபடி பிங் அடித்தால் ஐந்தும் விழும்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். 2911 ரவுட்டரில் சீரியல் மாட்யூல் செருக பவரை அணைத்தாக வேண்டும். அதற்கு முன் ரன்னிங் கான்ஃபிக்கை (இப்போது ஓடும் அமைப்பை) ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் (அணைத்தாலும் நிற்கும் அமைப்பில்) சேமிக்காவிட்டால் ஒரு மணி நேர வேலை போய்விடும். மாட்யூலை முதலில் செருகிவிட்டுப் பிறகு கட்டளை அடிப்பதே நல்ல பழக்கம். விலான்களுக்கு (ஒரே சுவிட்சைப் பிரித்து உருவாக்கும் தனி நெட்வொர்க்குகளுக்கு) இடையே ரவுட்டிங் செய்யும்போது, ரவுட்டரின் ஒரே போர்ட்டைப் பிரிக்கும் சப் இன்டர்ஃபேஸில் முதலில் விலான் எண்ணைக் குறிக்கும் டாட்1க்யூ என்கேப்சுலேஷன், பிறகுதான் ஐபி. மாற்றி அடித்தால் ஏற்காது.

தேர்வில் ஐபி கனெக்டிவிட்டிக்கு (நெட்வொர்க்குகளுக்கு இடையே பாதை அமைக்கும் பகுதிக்கு) 25 சதவீதம். இதுதான் மிகப் பெரிய பகுதி. ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப் முறையில் அண்டை ரவுட்டர் எழவில்லையா? ஏரியா எண், ஹலோ நேரம், பேசிவ் இன்டர்ஃபேஸ் மூன்றையும் அந்த வரிசையிலேயே பாருங்கள். சப்நெட் மாஸ்க்கின் தலைகீழான வைல்ட்கார்டு மாஸ்க்கும் கவனம்: /26க்கு 0.0.0.63. சப்நெட்டிங்கை (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பதை) காகிதத்தில் தினம் பத்துக் கணக்கு போடுங்கள். 192.168.10.130/26 என்றதும் நெட்வொர்க் 128, பிராட்காஸ்ட் 191 என்று வாயில் வர வேண்டும்.

இந்தக் கருவியின் பெரிய குறை, அதில் கேபிள் கெட்டுப்போகாது. நம் கரையிலோ உப்புக் காற்றில் நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 முனையின் உலோகக் காலில் பச்சை பூக்கும். லிங்க் விட்டு விட்டு வரும். ஒரு கிரிம்பிங் கருவியும் பத்துக் கனெக்டரும் வாங்கி, கம்பி நிறங்களுக்கான டி568பி வரிசையைக் கைப்படச் செய்யுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. சிலர் பச்சை ஜோடியை அடுத்தடுத்து வைத்துவிடுகிறார்கள். ஜோடி பிரிந்து, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தும் வேகம் வராது.

சிசிஎன்ஏவுக்கான 200-301 தேர்வு 120 நிமிடம், கட்டணம் 300 டாலர். பதில் தந்து நகர்ந்த கேள்விக்குத் திரும்ப முடியாது. லேப் கேள்வியில் உள்ளமைவைச் சேமிக்கவும் மறக்காதீர்கள். வீட்டிலிருந்தும் எழுதலாம்தான், ஆனால் நடுவில் கரண்ட் போனால் பணமும் பயிற்சியும் ஊசலாடும். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் மதுரை மையத்தில் இடம் பார்த்து, முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.