தோட்ட ஆபீஸ் டைப்ரைட்டர்: நம்ம ஊர் ஈரத்தில் எது தாங்கும், எது போகும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட ஆபீஸ்களில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கம்ப்யூட்டருக்குப் போனதும் கிராணி (தோட்ட எழுத்தர்) மேசை டைப்ரைட்டர் அலமாரி மேல் ஏறியது. கெட்டதும் அங்கேதான். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் சிக்கினால் துரு நிச்சயம். பருத்தித் துணியால் மூடி, வாரம் ஒரு பக்கமாவது அடித்தால் போதும்.

ஜெர்மன் மேசை டைப்ரைட்டரான ஒலிம்பியா எஸ்ஜி 1க்கு என் முதல் ஓட்டு. கேரேஜ் (தாளைத் தாங்கி இடவலமாக நகரும் பகுதி) தனியாகக் கழன்று வரும். சுத்தம் செய்ய அதைவிட வசதி வேறில்லை. தூக்கும்போது மட்டும் கேரேஜைப் பிடிக்காமல் அடிச்சட்டத்தைப் பிடியுங்கள்.

அதிகம் வரும் புகார், எழுத்துக் கம்பி மேலே போய்த் திரும்பாமல் நிற்பது. உடனே எண்ணெய் விடுவார்கள். அதுதான் வினை. கம்பிகள் உட்காரும் பிறை வடிவச் சீப்பில் எண்ணெயும் ரப்பர் தூளும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும். அடியில் பழந்துணி விரித்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒயிட் ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, கம்பியை இருபது முறை ஏற்றி இறக்குங்கள். கறுப்பு நீர் நிற்கும்வரை மூன்று தடவை. அங்கே கடைசிவரை எண்ணெய் வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் கேரேஜ் ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும், அதுவும் ஒரு சொட்டு. தின்னர் பக்கம் போகாதீர்கள், பெயின்ட் உரிந்துவிடும்.

தாள் சுற்றும் உருளையின் ரப்பர் இறுகினால் தாள் வழுக்கும், ஆங்கில ‘o’வின் நடுவே ஓட்டை விழும். 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பிடிப்பு திரும்பும், மென்மை திரும்பாது. அடியில் இன்னொரு தாள் வைத்து அடியுங்கள். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க இறுகிய உருளையே மேல் என்பது வேடிக்கை.

எல்லா எழுத்தும் ஒரே இடத்தில் விழுந்தால், கேரேஜை இழுக்கும் நாடா அறுந்திருக்கும். பின்னல் தூண்டில் நூல் தாங்கும்; வழுவழுப்பான நைலான் நரம்பு நீளும். சுருள்வில் உருளையை மூன்று நான்கு சுற்று முறுக்கி, கொக்கி மாட்டும்வரை கையை விடாதீர்கள். விட்டால் ‘விர்’ரென்று அவிழ்ந்து விரலைப் பதம் பார்க்கும்.

இந்தியாவின் கோத்ரெஜ் டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்திய செய்தி 2011இல் பரவியது. ரிப்பன் இன்னும் கிடைக்கிறது, அகலம் 13 மில்லிமீட்டர். ஆனால் ரிப்பன் சுற்றி வரும் சுழல்வட்டு பொருந்தாமல் போகலாம். பழைய இரும்பு வட்டைத் தூக்கி எறியாமல் புது ரிப்பனை அதிலேயே சுற்றுங்கள்.

தமிழ் மிஷினில் கம்ப்யூட்டர் பழக்கம் காலை வாரும். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா பக்கம் வந்து வேலை பார்த்த ஆர். முத்தையா வகுத்த நகரா விசைப்படி புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், கேரேஜ் நகராது, பிறகே எழுத்து. மாற்றி அடித்தால் புள்ளி பக்கத்து வெற்றிடத்தில் போய் உட்காரும். பழுது பார்த்த மிஷினை வாங்குமுன் ‘க் ட் ப் ம்’ ஒரு வரி அடித்துப் பாருங்கள். புள்ளி எழுத்தின் உச்சியை விட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் கம்பி வளைந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.