மாட்டுத்தாவணி அருகே ஒரு சிறுநீரக, ரத்தக் குழாய்ப் பரிசோதனை

பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள என் தந்தையாரைச் சென்ற மாதம் மேலூரிலிருந்து அழைத்து வந்து, மாட்டுத்தாவணியை அடுத்த தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சிறுநீரகத்துக்கும் கால் ரத்தக் குழாய்களுக்குமான தொகுப்புப் பரிசோதனையைச் செய்தோம். கட்டணம் 1,800 ரூபாய். குறை ஒன்றும் சொல்ல வேண்டியிருப்பதால் கூடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஊரில் ‘கிட்னி டெஸ்ட்’ என்று கேட்டால் பெரும்பாலும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அப்பாவுக்கு அது 1.1ஐத் தாண்டியதே இல்லை என்பதால் நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் சிறுநீரகத்தின் திறன் ஏறத்தாழப் பாதி குறையும் வரைகூட அந்த எண் இயல்பாகவே நிற்கக்கூடும். சர்க்கரையால் அதன் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகத் தொடங்கும்போது, பெரும்பாலும் அந்த எண் கூடுவதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கிவிடும். அதை அளக்கும் பரிசோதனை இதில் இருந்ததால்தான் இங்கு வந்தோம். முதல் நாளே டப்பா கொடுத்து, காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னார்கள். அதை வாங்கிக்கொண்ட பெண், “ஐயா, ரெண்டு நாளா காய்ச்சல், நீர்க்கடுப்பு ஏதும் இருந்துச்சா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது, அவை இருந்தால் அல்புமின் தற்காலிகமாகக் கூடிக் காட்டும்.

30க்குள் இருக்க வேண்டிய அல்புமின் அளவு 86 என்று வந்தது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டில் அளவு கூடுதலாக இருந்தால்தான் உறுதி என்பதை அறிக்கையில் ஒரு வரி அச்சிட்டிருக்கலாம். அப்பா டயாலிசிஸ் வரை எண்ணிக் கலங்கிப்போனார்.

ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் கால் பரிசோதனையைப் பொறுமையாகவே செய்தார்கள். கணுக்காலுக்கு மேல் பட்டையைச் சுற்றி, பாதத்தில் ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்ததும் ‘உஷ், உஷ்’ என்று நாடி ஒலித்தது. காற்றடைக்க அடைக்க நின்றுபோய், மெல்ல இறக்கியபோது 200இல் திரும்பியது. கையில் அழுத்தம் 140. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 1.43. அறிக்கையோ ‘0.9க்கு மேல், இயல்பு’ என்றது.

இதுதான் என் மனக்குறை. 1.4ஐத் தாண்டினால் அது நல்ல எண் அல்ல. குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து விறைத்து, பட்டை இறுக்கினாலும் நசுங்காததால் வரும் எண். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடம் இது அடிக்கடி காணப்படுவது. உள்ளே அடைப்பு இருந்தாலும் மறைத்துவிடும். எங்கள் மருத்துவர்தான் இதைக் கவனித்து, கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க எழுதிக் கொடுத்தார்; விரல் குழாய்கள் அந்த அளவுக்கு விறைப்பதில்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது, கணினியில் மேல்வரம்பு பதியப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு திருத்திய அறிக்கை தந்தார்கள். பெருவிரல் அளவெடுக்கும் கருவி அவர்களிடம் இல்லை. காத்திருக்கும் இடமும் குறுகல். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் படிக்கட்டில் அமர்ந்திருந்தார்கள். அடுத்த சிறுநீர் மாதிரியை அங்கேயே கொடுக்கப்போகிறோம். காலுக்கு வேறு இடம் பார்த்துவிட்டோம்.