கோத்தகிரிக்குப் போகிறீர்களா? பணத்துக்கு இப்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்

கனடாவிலிருந்து ஊருக்குக் கிளம்புகிற சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, கையில் எவ்வளவு பணம் கொண்டுபோவது என்பதுதான். இந்தியாவில் இப்போது எல்லாமே ஜிபே, அதாவது போனிலிருந்தே பணம் கொடுக்கிற கூகுள் பே ஆப்தானே என்று சிலர், கார்டு இருக்கிறதே என்று சிலர். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அது சரியாக இருக்கலாம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறிவிட்டால் கதை வேறு. மே மாத சீசனில் அம்மாவோடு நீலகிரி மலையிலிருக்கும் கோத்தகிரியில் இருந்துவிட்டு வந்த சூட்டில் எழுதுகிறேன்.

ஜிபே எங்கும் வந்துவிட்டது என்பது உண்மைதான். மார்க்கெட்டில் கேரட், பீன்ஸ் விற்கிறவர் தராசுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது, ஒரு டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும் சாப்பிட்டாலும் கல்லாவுக்கு மேல் இருக்கிற பெட்டி எவ்வளவு வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது. ஆனால் அதெல்லாம் இந்தியாவில் வங்கிக் கணக்கு இருக்கிறவர்களுக்கு. டொரன்டோவில் வாங்கிய கார்டை நீட்டினால் டீக்கடையில் அதைத் தேய்க்க மெஷினே கிடையாது. "ஜிபே இல்லைன்னா காசா குடுத்துருங்கண்ணா" என்பார்கள், அதுவும் சில்லறையாக.

இதற்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. இந்தியாவில் என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ என்கிற, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு வைத்திருந்தால், வெளிநாட்டு மொபைல் எண்ணிலேயே யுபிஐ (ஜிபே மாதிரி ஆப்கள் எல்லாம் ஓடுகிற பணப் பரிமாற்ற ஏற்பாடு) போட்டுக்கொள்ளலாம் என்று 2023-இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் சில என்று முதல் பட்டியலிலேயே பத்து நாடுகள். உங்கள் வங்கியும் நீங்கள் வைத்திருக்கும் ஆப்பும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி, இங்கே கணக்கே இல்லாதவர்களுக்கு யுபிஐ ஒன் வேர்ல்ட் என்று பணம் போட்டு வைத்துச் செலவழிக்கிற வாலட் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டி வாங்க வேண்டும், அதை விமான நிலையத்திலேயே விசாரித்துவிடுங்கள், மலையில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது.

இந்த வங்கிக் கணக்கு ஏற்பாட்டைக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் கணக்கு இருக்கிற வங்கியில் மொபைல் எண்ணை மாற்ற, கிளைக்கு நேரில் வந்தால்தான் ஆகும் என்றார்கள். நேரில் போனால் படிவம், பாஸ்போர்ட் நகல், விசா நகல், பிறகு "சிஸ்டத்துல ஏற நாளாகும் சார்". ஏறியபோது என் லீவில் பாதி போயிருந்தது. வெளிநாட்டில் இருந்து உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களை இப்படி அலைய விடுவது நியாயமே இல்லை.

ஆகவே ஏடிஎம். வெளிநாட்டுக் கார்டு போட்டால் பெரும்பாலான மெஷின்கள் ஒரு தடவைக்குப் பத்தாயிரம்தான் தரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிக்கும், உங்கள் வங்கி தன் பங்குக்குத் தனியாகப் பிடிக்கும். நடுவில் திரையில், கனடா டாலரில் கணக்கிட்டுக்கொள்ளவா, ரூபாயிலேயே போகட்டுமா என்று கேட்கும். எப்போதும் ரூபாய் என்றே அமுக்குங்கள், மெஷின் போடுகிற மாற்று விகிதம் உங்கள் வங்கி போடுவதைவிட மோசமாக இருக்கும். சீசனிலும் தொடர் விடுமுறையிலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றிலும் மெஷின் காலியாகிவிடும். கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் மாதிரி உள்ளூர்ப் பக்கம் போகிறவர்கள் கோத்தகிரி பஜாரிலேயே பணம் எடுத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் சில்லறை. மெஷினில் வருவது ஐந்நூறு ஐந்நூறாக. நூறு, இருநூறு நோட்டும் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் வங்கிகளுக்கு உத்தரவு போட்டது நல்ல விஷயம்தான், ஆனாலும் பெட்ரோல் பங்க்கிலோ மளிகைக் கடையிலோ ஐந்நூறை உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில், கோயில் உண்டியலில், ஆட்டோவில் அதுதான் கைகொடுக்கும். ஐந்து ரூபாய் நாணயமும் சேர்த்து வையுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, ரோட்டோரத்தில் வைத்திருக்கிற குடிநீர் மெஷினில் ஐந்து ரூபாய் போட்டால் ஒரு லிட்டர் பிடித்துக்கொள்ளலாம், பாட்டில் நம்முடையது. பழைய இரண்டாயிரம் நோட்டு பீரோவில் கிடந்தால் எடுத்துக்கொண்டு வராதீர்கள், 2023-இலேயே புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், கடையில் வாங்க மாட்டார்கள், சாதாரண வங்கிக் கிளையிலும் மாற்ற மாட்டார்கள்.

மழை பெய்து கரண்ட் போனால் டவரும் போய்விடுகிறது. அன்றைக்கு எந்த கியூஆர் அட்டையும் உதவாது. கையில் இரண்டாயிரம் மூவாயிரமாவது நோட்டாக இல்லாமல் அங்கே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சேவை வேறொன்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பஸ் ஏறி பேங்க்குக்குப் போக முட்டி ஒத்துழைக்காது. தபால்காரர் ஒரு சின்ன ரேகை மெஷினோடு வீட்டுக்கே வந்தார், அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியின் ஏற்பாடு, ஆதார் இணைத்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் எடுத்துத் தருகிறார்கள். பாட்டி பெருவிரலை வைத்தார், ஏற்கவில்லை. இத்தனை வருஷம் கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகையே தேய்ந்து போயிருக்கிறது. தபால்காரர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல், விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "மோதிர விரல வைங்க ஆயா, போன மாசம் அதுலதான் வந்துச்சு" என்றார். வந்துவிட்டது. நோட்டுகளைத் திண்ணையில் வைத்து எண்ணிக் காட்டி, அவரையும் ஒரு தடவை எண்ணச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஊரில் வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிறவர்கள், ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்து, தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

திரும்பும்போது மிச்சமான ரூபாயை விமான நிலையத்தில் நஷ்டத்துக்கு மாற்ற வேண்டாம். இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை கையோடு வெளியே கொண்டுபோகலாம், உள்ளே வரும்போதும் அதே அளவுதான். அடுத்த தடவை கோயம்புத்தூரில் இறங்கியதும் மலைக்கு வண்டி பிடிக்க அது இருக்கும்.